கமாய்ச்சாவுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

மேற்கு ராஜஸ்தானின் பரம்பரை முஸ்லிம் இசைக் கலைஞர்களான மாங்கணியார் குழுக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் கலைவிழாக் குழுவினருக்கும் நட்சத்திர விடுதிக்காரர்களுக்கும்,

வணக்கம். அடுத்த சீசனுக்கு ஜெய்சல்மேருக்கோ பார்மேருக்கோ போன் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அந்தக் கருவி. மாமரக் கட்டையைக் குடைந்து, உருண்ட வயிற்றின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தி, குதிரைமயிர் வில்லால் இழைப்பது கமாய்ச்சா. மொத்தம் 17 தந்தி. ராகம் பேசுகிற மூன்றும் ஆட்டுக்குடலில் முறுக்கியவை, மற்றவை எஃகு. பாலைவனத்தின் வறண்ட காற்றுக்குப் பழகிய தோல், சென்னை, மும்பை மாதிரி கடலோர ஊரில் வந்து இறங்கியதும் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். தோல் தொய்ந்தால் அதன் மேல் நின்று தந்திகளைத் தாங்குகிற கட்டை, அதாவது குதிரை, அமுங்கும். குதிரை அமுங்கினால் சுருதி இறங்கி நாதம் செத்துப்போகும். ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு, சுடுகிற விளக்கடியில் கொண்டுவந்து உட்கார்ந்தால் குடல் தந்தி மறுபடியும் கலையும். ஆகவே மேடையிலேயே, விளக்கு எரியும்போதே சேர்க்க விடுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிட சவுண்ட் செக் ஆர்மோனியத்துக்குப் போதும். கமாய்ச்சாவை ஆர்மோனியம் ஓரங்கட்டிக்கொண்டிருப்பதில் உங்கள் பத்து நிமிடத்துக்கும் பங்கு உண்டு.

தோலைப் பார்த்தபடி, ஒரு சாண் தள்ளி, ஒரு கண்டென்சர் மைக் போதும். மானிட்டரைக் கமாய்ச்சாவுக்கு நேரெதிரே வைத்தால் தோல் கூடச் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும், பக்கவாட்டில் திருப்புங்கள். கர்த்தால் என்னும் தாளக்கட்டை வாசிப்பவரை அந்த மைக்கிலிருந்து ஆறடியாவது நகர்த்துங்கள். கைக்கு இரண்டு சீசம் மரத்துண்டுதான், ஆனால் அதன் வெட்டொலி பக்கத்தில் உள்ள எல்லா மைக்கிலும் ஏறிவிடும். நாற்காலி வேண்டாம். ஜமுக்காளமும் தாழ்ந்த மேடையும் போதும்.

அடுத்தது நேரம். ஒரு பாட்டு தாளமில்லாமல் தோஹாவில் தொடங்கும். அந்த ஈரடிகளை இழுத்து இழுத்துப் பாடித்தான் ராகத்தை நிறுத்துவார்கள். பிறகு மெல்லிய நடை, பிறகு வேகம், கடைசியில் டோலக்கும் கர்த்தாலும் மோதிக்கொள்ளும். நீங்கள் கேட்பது அந்தக் கடைசி மூன்று நிமிடத்தையும், சினிமாவில் வந்த இரண்டு பாட்டையும். சோரட் ராகத்தில் ஒரே ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். குறைந்தது 25 நிமிடம் ஒதுக்குங்கள். ரமலான் மாதமென்றால் நோன்பு திறக்கும் நேரத்தில் மேடை வைக்காதீர்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் தொழ ஓர் அறையும் இருக்கட்டும்.

அறிவிப்பாளர்களுக்கும் ஒரு சொல். 'முஸ்லிம்களாக இருந்தும் கிருஷ்ணனைப் பாடுகிறார்கள்' என்று வியந்துகொண்டே அறிமுகம் செய்யாதீர்கள். இவர்களுடைய புரவலர்கள், அதாவது ஜஜ்மான்கள், பெரும்பாலும் ராஜபுத்திரர்கள். புரவலர் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் அந்த வீட்டுத் தெய்வத்தை வாழ்த்துவதும், சுப்ராஜ் என்னும் வாழ்த்தைச் சொல்லி வம்சத்தை வரிசையாக அடுக்குவதும் பரம்பரைக் கடமை. தங்கள் வீட்டில் நிக்காஹ், நோன்பு, பெருநாள், அடக்கம். ராஜஸ்தானின் நாட்டார் தெய்வம் ராம்தேவ் பீரையும் பாடுவார்கள், சிந்தி சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபையும் பாடுவார்கள். இதில் முரண்பாடு தெரிவது நமக்குத்தான். அதற்காக இந்த உறவை நல்லிணக்கப் போஸ்டராகவும் ஆக்க வேண்டாம். பாடகருக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிடும் அதே வீட்டில் அவருக்கு இருக்கை தாழ்வாகத்தான் இருக்கும். 2017இல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தாந்தல் ஊரில் நவராத்திரிப் பாட்டு சரியில்லை என்று எழுந்த தகராறில் ஒரு பாடகர் உயிரிழந்தார். மாங்கணியார் குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின.

பெயரிலும் கவனம் தேவை. 'மாங்கணியார்' என்பதைக் கேட்டு வாங்குபவர் என்று பொருள் சொல்வார்கள். அதனால் தங்களை மிராசி என்றே அழைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. நம் தஞ்சை மிராசுதாரின் மிராசும் அதே அரபுச் சொல்தான்: வாரிசாக வந்த உரிமை. அங்கே நிலம், இங்கே பாட்டு. குழுவிடமே கேட்டு நோட்டீஸில் அச்சிடுங்கள். அவரவர் பெயரையும் போடுங்கள். 2012இல் பத்மஸ்ரீ பெற்ற சாகர் கான் ஹமீரா ஊர்க்காரர், கமாய்ச்சா கலைஞர். அவரைப் போன்றவர்களையும் 'ராஜஸ்தானி நாட்டுப்புறக் குழு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற நோட்டீஸ்கள்தான் அதிகம். பெண்கள் வீட்டுக்குள்ளேயே பாடிவந்த சமூகத்தில் பொதுமேடை ஏறியவர் பார்மேரின் ருக்மா பாய். பெண் பாடகர் வேண்டுமென்று கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது.

இனிப் பணம். புரவலர் வீட்டு விருந்தில் கௌரவிக்க வேண்டியவரின் தலையை ரூபாய்த் தாளால், திருஷ்டி கழிப்பதுபோல, சுற்றி எடுத்துப் பாடகரிடம் கொடுப்பார்கள். உங்கள் விருந்தினர் மேடையை நோக்கித் தாளை வீசுவது அதுவல்ல. மைக்கில் சொல்லித் தடுங்கள். பேசிய தொகையை எழுத்தில் கொடுங்கள். தரகர் வழியாகவோ குழுத் தலைவர் ஒருவர் கையிலோ மட்டும் கொடுத்தால் டோலக் வாசித்த பையனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, அவரவர் கணக்கில் போடுங்கள். ரயில் டிக்கெட் போகவர இரண்டுக்கும் உறுதியாகியிருக்க வேண்டும். விமானம் என்றால் கமாய்ச்சாவைச் சரக்கோடு போடாதீர்கள், கழுத்து முறியும்.

பழைய புரவலர்களில் ஒரு பகுதியினர், உமர்கோட்டின் சோடா ராஜபுத்திரர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் இருக்கிறார்கள். இரு நாட்டுக்கும் இடையே 2006இல் மறுபடி ஓடத் தொடங்கிய தார் எக்ஸ்பிரஸ் ரயிலும் 2019இல் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்திலும் கல்யாண வருமானம் மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. அந்தப் புரவலர்களின் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத புரவலரை விலக்க இவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது: தலைப்பாகையைக் கழற்றி, கருவியின் தந்திகளை அவிழ்த்து, அந்த வீட்டு வாசலில் புதைத்துவிட்டு நடப்பார்கள். உங்கள் அரங்கில் புதைக்க மண் இல்லை. நிகழ்ச்சி முடிந்த இரவே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.