பதினோரு நாள்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கண்ணு,

நானும் உன் அம்மாவும் நலம். புனேயில் மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று இரவு நீ அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஓணத்துக்குக் கட்டிக்கொள்ள, குத்தாம்புள்ளிக் கைத்தறி செட்டுமுண்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி 1,299 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பியிருக்கிறாய்; துணியும் வரவில்லை, அந்தக் கடையின் பக்கத்தையும் இப்போது காணவில்லை. பணம் போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. திட்டுவோமோ என்று பயந்து நீ அதைப் பதினோரு நாள் உனக்குள்ளேயே வைத்திருந்தாய் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தொலைபேசியில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்தபோது நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. ஒழலப்பதிப் பக்கத்து விவசாயி ஒருவர், வாரப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வி.பி. பார்சலில் ஒரு டிரான்சிஸ்டர் வரவழைத்தார். அந்நாளில் வி.பி. பார்சல் என்றால், பொருளின் விலையைத் தபால் ஆபீசில் கட்டிவிட்டுப் பார்சலை எடுத்துச் செல்ல வேண்டும். அந்தப் பணத்தை, பார்சலை அனுப்பியவருக்கு நாங்கள் மணியார்டராக அனுப்பிவிடுவோம். பணம் கட்டுவதற்கு முன் பிரித்துப் பார்க்க அனுமதியில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்தபோது உள்ளே செங்கல் துண்டும் பழைய செய்தித்தாளும் இருந்தன. ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு, ஒன்பது நாள் கழித்து, கூட்டமில்லாத ஒரு மதிய நேரம் பார்த்து என்னிடம் வந்தார். அன்றே வந்திருந்தால், மோசடி நடந்திருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு அந்தப் பணத்தை அனுப்பாமல் நிறுத்திவைக்க மேலதிகாரிக்கு நான் எழுதியிருக்க முடியும். அப்படி நிறுத்திவைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திலேயே இடம் இருந்தது. அவர் வந்தபோது மணியார்டர் போய்ச் சேர்ந்திருந்தது. அவரை ஏமாற்றியவனைக் காப்பாற்றியது அவருடைய வெட்கம் என்று இன்றுவரை நான் நினைக்கிறேன்.

இன்றைய முறையும் ஏறக்குறைய அதே போலத்தான் இயங்குகிறது. 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொன்னால், நம் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எந்தக் கணக்குக்கு நகர்ந்தது என்று வங்கிகள் பின்தொடர்ந்து, கடைசியாக நிற்கும் இடத்தில் அதை முடக்கி வைக்கின்றன. பணம் ஏதாவது ஒரு வங்கிக் கணக்குக்குள் இருக்கும்வரைதான் இது நடக்கும். யாரோ ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் சில மணி நேரம் அவ்வளவு முக்கியம். பதினோரு நாள் ஆகிவிட்டதே என்று நீ விட்டுவிடக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த உடனே அழை. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள். சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணை உன் வங்கிக் கிளையில் எழுத்தில் கொடு. உன் பணம் திரும்பாமலே போகலாம். ஆனால் அந்தக் கணக்கு எண் ஒரு புகாரில் ஏறிவிட்டால், உன்னைப் போல ஓணத்துக்கு ஆசைப்படும் இன்னொரு பெண்ணின் பணம் அதே கணக்குக்குப் போகாமல் தடுக்க அது உதவும்.

வங்கி திருப்பித் தரும் என்று மாப்பிள்ளை சொன்னதாக அம்மா சொன்னாள். அதில் ஒரு வேறுபாடு உண்டு. நமக்குத் தெரியாமல், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் யாராவது நம் கணக்கிலிருந்து பணம் எடுத்து, செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் வங்கியிடம் சொல்லிவிட்டால், இழப்பு நம் தலையில் விழாது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. நீயே யுபிஐ பின் (PIN) எண்ணைத் தட்டி அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள். பின் எண்ணைத் தட்டும் விரலுக்கு அவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

இனி வரப்போவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒருமுறை ஏமாந்தவரின் எண் இன்னொருவன் கைக்குப் போகும். ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது அழைக்கலாம். சைபர் போலீஸ் என்றோ, வங்கி என்றோ, அந்தக் கடையின் வாடிக்கையாளர் சேவை என்றோ சொல்லலாம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள், திரையை அவர்களுக்குக் காட்டும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள், நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ ஓர் எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள்; அந்த எண்ணை டயல் செய்தால் உனக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திருப்பி விடப்படும். நமக்குப் பணம் வர யுபிஐ பின் எண்ணைத் தட்டவே தேவையில்லை, கண்ணு. ரீஃபண்ட் என்பது பணம் போன வழியிலேயே தானாகத் திரும்பி வரும். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்காதே. முதலில் வந்து நிற்கும் எண் போலியாக இருக்கலாம். கடையின் செயலிக்குள்ளேயே போய்ப் பார்.

இதற்காக இணையத்தில் வாங்குவதையே நீ விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீ வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் நானும் சென்ற மாதம் முதல்முறையாக அம்மாவுக்கு 5 லிட்டர் குக்கர் ஒன்று வாங்கினேன். வாங்குவதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். பொள்ளாச்சிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் உன் தாத்தா ஒரு மாடுகூட வாங்கியதில்லை; குக்கருக்குப் பல் எது என்று யோசித்தேன். குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த முத்திரையின் மேல் ஐஎஸ் 2347 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் போட்டால், எந்த நிறுவனத்துக்கு அந்த உரிமம் தரப்பட்டது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஐஎஸ்ஐ இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக 2022-இல் பெரிய தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. ஆகவே தளம் பெரியது என்பது மட்டும் போதாது, அந்தத் தளத்துக்குள் விற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

விற்பவரின் பெயர், விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் முகவரி வரும். மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படித்தேன். கைப்பிடி ஆடுகிறது, கேஸ்கெட் சரியாகப் பொருந்தவில்லை என்பது போன்ற உருப்படியான குறைகள் அங்கேதான் இருந்தன. திருப்பி அனுப்பினால் பணம் வருமா, மாற்றுப் பொருள் மட்டும்தான் தருவார்களா என்பதையும் பார்த்துக்கொண்டேன். கடைசியில் பணம் கட்டும் பக்கத்தில், நான் கேட்காத பாதுகாப்புத் திட்டம் ஒன்று 149 ரூபாய்க்குச் சேர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டேன். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்ற 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் அரசு தடை செய்திருக்கிறது. தடை செய்தபின்னும் கண்ணில் படுகின்றன.

உன் செட்டுமுண்டுக் கடைக்கு வருகிறேன். தறியில் கையால் நெய்து, கசவு போட்ட ஒரு செட்டுக்கு நெசவாளர் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பது நம் ஊர்ப் பக்கத்தில் வளர்ந்த உனக்குத் தெரியும். அந்த உழைப்புக்கு அந்த விலை கட்டாது என்று உன் மனத்தில் ஒரு நொடியாவது தோன்றியிருக்கும். விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் அந்த நொடியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்த முறை, பெயர் தெரியாத கடை என்றால் ஜிஎஸ்டி எண்ணைப் பார். எண்ணும் ஆங்கில எழுத்துமாக 15 இடம் இருக்கும்; முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, நீ இருக்கும் மகாராஷ்டிரத்துக்கு 27. குத்தாம்புள்ளியிலிருந்து நேரடியாக விற்கிறோம் என்பவருடைய எண் 32 என்று தொடங்காவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, பதிவு செய்தவரின் பெயரைக் காசில்லாமல் பார்க்கலாம். மிகச் சிறிய நெசவாளரிடம் இந்த எண் இல்லாமலும் இருக்கலாம், அது குற்றமில்லை. அப்படிப்பட்டவரிடம் வாங்க விரும்பினால் எனக்குச் சொல், கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்துச் சொல்கிறேன். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் கேள்.

பொருள் வந்தபின் பணம் கொடுத்தால் போதுமே என்று அம்மா சொல்கிறாள். தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் அதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலும் பெட்டியைக் கையில் வாங்கும்போதே பணத்தைக் கேட்கிறார்கள், பிரிப்பது அதற்குப் பிறகுதான், வி.பி. பார்சலின் செங்கல் இன்னும் அப்படியே இருக்கிறது. பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால், ஒட்டிய முகவரிச் சீட்டும் டேப்பும் தெரியும்படி காணொளி எடுத்துக்கொண்டே பிரி. நான் குக்கர் பெட்டியை அப்படித்தான் பிரித்தேன், அம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சல் உங்கள் பெயரிலேயே வந்து பணம் கேட்பதும் உண்டு. மாப்பிள்ளை வரவழைத்திருப்பார் என்று நீயும், நீ வரவழைத்திருப்பாய் என்று அவரும் நினைத்துப் பணம் கொடுத்துவிடுவீர்கள். ஒருவருக்கொருவர் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இணையத்தில் வாங்குவதற்கென்று நான் தனியாக ஒரு கணக்கு வைத்து, அதில் 3,000 ரூபாய்க்கு மேல் விடுவதில்லை. பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயில் சேர்க்கவே இல்லை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைத்திருக்கிறேன். நீயும் உன் சம்பளக் கணக்கைத் தனியே வை.

உண்மையான கடையே தவறு செய்தால் வழி வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழை. அதற்கும் மேல், நீ வசிக்கும் புனே மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், விற்றவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் கட்டணமும் கிடையாது.

நேற்று நீ போனை வைத்தபின் அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இன்று காலையில் எழுந்ததும் தன் சேமிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய், உனக்கு ஒரு செட்டுமுண்டு வாங்கிவந்தாள். பச்சைக் கரை, நீ கேட்டது போலவே. நாளை காலையில் இந்தக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ரசீதில் இருக்கும் எண்ணைத் தொலைபேசியில் நானே படித்துச் சொல்வேன். முன்னால் இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், முடிவில் ஐஎன் என்று 13 இடம் இருக்கும். இந்தியா போஸ்ட் தளத்தை நீயே திறந்து அந்த எண்ணைத் தட்டச்சு செய்து பார். ‘முகவரி சரியில்லை, இந்த லிங்க்கில் திருத்திக் கட்டணம் செலுத்தவும்’ என்று தபால் துறையின் பெயரில் எந்தச் செய்தி வந்தாலும் திறக்காதே, அது எங்களுடையது அல்ல. பார்சல் நாலைந்து நாளில் வராவிட்டால் என்னை அழை. வேறு எது நடந்தாலும், எந்த நேரமானாலும், அன்றைக்கே அழை.

அன்புடன்,
அப்பா