நீல ஃபைலில் இல்லாத பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வெளிநாட்டுப் பள்ளியில் போய்ப் படிக்க வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்று சித்தி மகளுக்கு நீ எழுதி அனுப்பியதை அவள் அப்படியே எனக்கும் அனுப்பிவிட்டாள். கீழே ஒரு கேள்வி வேறு: "பெரியம்மா, அக்கா சொன்னபடி செஞ்சா எங்க அம்மா சம்மதிச்சிருவாங்களா?" கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒரு ஃபைல் தயார் செய், செலவுக் கணக்கை முதல் பக்கத்தில் வை, அப்பா என்னென்ன கேட்பார் என்று யோசித்துப் பதிலையும் எழுதி வை, அழாதே, கத்தாதே, பொறுமையாகப் பேசு. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏட்டி, நம் வீட்டில் நடந்தது அது இல்லையே. நீ அழுதாய், கத்தினாய், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய், மூன்றாம் நாள் ராத்திரி அடுப்படியில் நின்று பழைய சோற்றைத் தின்றதை ஆச்சி பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்கள். அதையெல்லாம் ஏன் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை?

பதினொரு வருடம் ஆகிவிட்டது, மறந்திருப்பாய். அதோடு நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் நானும் அப்பாவும் என்ன பேசிக்கொண்டோம் என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்து மாற்றிவிடுவாய்.

முதலில் அந்த நீல ஃபைல். எத்தனை பக்கம் என்று நினைவிருக்கிறதா, முப்பத்தெட்டு. நம் தெரு முனை ஜெராக்ஸ் கடையில் உன் பைசாவில் பிரிண்ட் எடுத்தாய். யுடபிள்யூசி என்கிற யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் பள்ளிகள் என்றால் என்ன, 1962-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு பழைய கோட்டைக்குள் குர்ட் ஹான் என்பவர் முதல் பள்ளியை எப்படித் தொடங்கினார், நார்வேயில் ஃப்ளெக்கே என்ற ஊரில் 1995-ல் திறந்த பள்ளியில் இருநூறு பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது. அப்பா அதில் வாசித்தது ஒரே ஒரு பக்கம். அங்கே படிக்கிற ஐபி டிப்ளமோ என்ற சர்வதேசப் படிப்பை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நம் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றுக்கொள்கிறது என்ற அந்தப் பக்கம். ஒருவேளை பிடிக்காமல் திரும்பி வந்தால் பிள்ளைக்கு இங்கே காலேஜ் கிடைக்குமா, இவ்வளவுதான் அவருக்கு. அப்போது எல்லாரும் கட்-ஆஃப், கவுன்சிலிங் என்று ஓடிக்கொண்டிருந்த காலம், 200-க்கு எத்தனை என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சே கிடையாது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அதை விட்டுவிட்டு வேறு நாட்டில் போய் மறுபடி முதலிலிருந்து இரண்டு வருடம் படிக்கப் போகிறேன் என்றால் உன் அப்பா மாதிரி ஒரு கடைக்காரர் என்ன செய்வார்? ஒரு வருடம் நஷ்டம் என்று கணக்கு எழுதுவார்.

நான் கணக்கு டீச்சர் இல்லையா, நான் வாசித்தது மதிப்பெண் பக்கம். ஆறு பாடம், பாடத்துக்கு ஏழு, அப்புறம் அந்தக் கட்டுரைக்கும் இன்னொன்றுக்கும் சேர்த்து மூன்று, ஆக 45. தேற 24 வேண்டும். அப்போதைய பிளஸ் டூவின் 1200 மார்க்குக்குப் பழகிய கண்ணுக்கு இது என்னடா விளையாட்டு மார்க் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. 4000 சொற்களில் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை என்று போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் சரி, இது லேசுப்பட்ட படிப்பு இல்லை என்று பட்டது. (பிறகு நீ அதைக் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எழுதப்போய், ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவை எழுப்பிக் கைவேலை யூனிட்டுக்கும் மெஷின் யூனிட்டுக்கும் கூலி வித்தியாசம் கேட்டாயே. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி முடித்தார்.)

ஆக ஃபைல் உதவவில்லை என்று சொல்லவில்லை. அது கதவைக் கொஞ்சம் திறந்தது. அவ்வளவுதான்.

அப்பா உன்னை நம்ப ஆரம்பித்தது அந்த ஏஜென்ட் விஷயத்தில். உனக்கே தெரியாது, உன் பிடிவாதத்தைப் பார்த்து அவர் ரகசியமாக மதுரைக்குப் போய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போவதுதான் போகிறாள், நாமே தெரிந்த வழியில் அனுப்புவோம் என்று. அந்த ஆள், அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் இரண்டு வருடம் படிக்கலாம், ஃபீஸே கிடையாது, எனக்கு மட்டும் மூன்று லட்சம் கொடுங்கள் என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே பட்டும் படாமல் உன்னிடம் கேட்டார். நீ தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது எஃப் ஒன்னுங்கிற ஸ்டூடன்ட் விசாப்பா. அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல பன்னிரண்டு மாசத்துக்கு மேல படிக்க முடியாது, அதுக்கும் முழு ஃபீஸையும் நாமதான் கட்டணும். யாருப்பா சொன்னா உங்ககிட்ட?" என்றாய். அவர் மோரை ஊற்றிக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட்டார். ராத்திரி என்னிடம், "மூணு லட்சத்தைக் காப்பாத்திட்டா" என்றார். யுடபிள்யூசிக்கு ஏஜென்டே கிடையாது, அந்தந்த நாட்டுத் தேர்வுக்குழுதான் பிள்ளைகளை எடுக்கும், உதவித்தொகையும் வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் என்று நீ பத்து தடவை சொன்னது அன்றைக்குத்தான் அவர் காதில் ஏறியது. சித்தி மகளிடம் இதைச் சொல். முப்பத்தெட்டுப் பக்கத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். கேட்காத நேரத்தில் கேட்கிற ஒரு கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா என்றுதான் பெற்றவர்கள் பார்ப்போம்.

ஆச்சி பக்கம் இன்னொன்று நடந்தது. பெரிய மாமா வந்து, வயசுக்கு வந்த பிள்ளையை யாரும் இல்லாத ஊருக்கு அனுப்புவதா என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "என்னைய விளாத்திகுளத்துலேருந்து இந்த வீட்டுக்கு அனுப்புறப்போ எனக்குப் பதினாறு. இங்க எனக்கு யார்ல இருந்தா?" என்று கேட்டார்கள். மாமா காப்பியைக் குடிக்காமலே போனார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் அப்பாதான் தடை என்று நினைத்தீர்கள், நீயும்தான். உண்மையில் மறித்து நின்றது நான். அப்பா சரி என்று சொன்ன பிறகும் நான் ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் நார்வே, பூனா பக்கத்தில் முல்ஷியிலேயே 1997-லிருந்து இதே பள்ளி ஒன்று இருக்கிறதே, அங்கே போ என்றேன். எந்தப் பள்ளி என்று குழுதான் முடிவு செய்யும் என்றாய். குளிர் தாங்குமா என்றேன், சாப்பாடு என்றேன், ஒரு அறையில் ஐந்து பிள்ளைகள் ஐந்து நாட்டிலிருந்து, குளியலறைக்குச் சண்டை வருமே என்றுகூடக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்புறம் அந்த ராத்திரி. கரண்ட் போய் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்திருந்தோம். உனக்கு அங்கே உடம்பு முடியாமல் போனால், மனசு சரியில்லாமல் போனால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டேன். வழக்கம்போல ஆலோசகர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார் என்று ஒப்பிப்பாய் என்று நினைத்தேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாய்: "சொல்ல மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்மா. நீ கவலைப்படுவேன்னு மறைப்பேன். அதனால எப்படி இருக்கேன்னு கேட்காதே. என்ன சாப்பிட்டேன்னு கேளு. ஒழுங்கா சாப்பிட்டிருந்தா நல்லா இருக்கேன். பிரெட்டுன்னு சொன்னா சரியில்லைன்னு வெச்சுக்கோ."

நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை. இருட்டு. ஆனால் அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன், இத்தனை நாளும் குளிர், சாப்பாடு என்று எதையெதையோ கேட்டு நான் சுற்றிச் சுற்றி வந்த அந்த ஒரே கேள்வியை. படித்து முடித்தால் திரும்பி வருவாயா?

"தெரியலைம்மா" என்றாய்.

காரியம் ஆக வேண்டிய பிள்ளை யாராக இருந்தாலும் வருவேன் என்றுதான் சொல்லும். மதுரை ஆளாக இருந்தால் எழுதியே கொடுத்திருப்பார். உன் ஃபைலில் அதற்கு ஒரு பக்கம் இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன். நீ பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், கையெழுத்து மட்டும் போட்டிருக்க மாட்டேன். எனக்கே இது முழுதாகப் புரிகிறதா என்றால் இல்லை. பதினாறு வயதில், வேண்டும் என்று துடிக்கிற ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்தவள் எங்கே போனாலும் என்னிடம் உண்மையைச் சொல்வாள் என்று பட்டது. காலையில் அப்பாவிடம், திருநெல்வேலி பாஸ்போர்ட் ஆபீஸுக்கு நாள் வாங்குங்கள் என்றேன். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று நீ பயந்துகொண்டிருந்தது என் கையெழுத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ திரும்பி வரவில்லை. அதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2016-ல் முடித்தாய், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று டேவிஸ் உதவித்தொகை இருந்ததால் அமெரிக்கக் கல்லூரிக்குப் போனாய், 2020 மே மாதம் ஊர் உலகமே பூட்டிக் கிடந்தபோது பட்டம் வாங்கினாய், நாங்கள் இரண்டு பேரும் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, பட்டுச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்து பார்த்தோம். (அதே வருடம்தான் நம்மூர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா இரண்டுக்கும் சேர்த்து கடையில் இனிப்புக் கொடுத்தார்.) இப்போது கோபன்ஹேகன். சில ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பள்ளிக்கூடப் பேப்பரைத் திருத்திக்கொண்டே உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்போது, பூனாவிலேயே நிறுத்தியிருக்கலாமோ என்று தோன்றும். தோன்றாது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் முதல் வருடம் டிசம்பர் நினைவிருக்கிறதா? அங்கே பகல் ஆறு மணி நேரம்கூட முழுதாக இல்லை என்றாய். நமக்கும் உனக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மூன்று ஞாயிறு தொடர்ந்து பிரெட் என்று சொன்னாய், குரல் மட்டும் நன்றாகச் சிரித்தது. நாலாவது ஞாயிறு வரை நான் காத்திருக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் உன் பொறுப்பாசிரியருக்கு என் ஓட்டை இங்கிலீஷில் மெயில் போட்டேன். அவர்கள் உன்னை உட்கார வைத்துப் பேசினார்கள். பக்கத்திலிருந்த மறுவாழ்வு மையத்தில் நோயாளிகளோடு நீச்சல் குளத்தில் இறங்கி உதவ உன்னை மாற்றிவிட்டார்கள், இல்லையா. ஜனவரியில் சோறு, பருப்பு, அறைத் தோழி செய்த ஏதோ கொழுக்கட்டை மாதிரி ஒன்று என்று பட்டியல் நீண்டது. அம்மாதான் மெயில் போட்டாள் என்று உனக்கு இன்றைக்கு வரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

சரி, சித்தி மகள் விஷயம். அவளிடம் ஃபைல் வேண்டாம் என்று சொல்லாதே, செய்யட்டும், ஆனால் பத்துப் பக்கம் போதும். பட்டினி கிடக்கச் சொல்லாதே, அவளுக்கு அல்சர் இருக்கிறது. உங்கள் சித்தப்பாவுக்குப் பணக் கவலை, அது வெளிப்படையாகத் தெரியும். படிப்புச் செலவில் பெரும்பகுதி உதவித்தொகையில் போனாலும் விமான டிக்கெட், விசா, குளிர் உடுப்பு என்று கையிலிருந்து போவதை மறைக்க வேண்டாம். நாங்கள் ஏலச் சீட்டைக் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுத்தோம், அதையும் சொல். சித்தி என் தங்கை, அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு என்பாள், குளிர் என்பாள், ஆம்பளைப் பிள்ளைகள் என்பாள். அதற்கெல்லாம் இந்தப் பிள்ளை அவசரப்பட்டுப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. அடியில் இருக்கிற கேள்வி வரும் வரை பொறுத்திருக்கட்டும். அது வந்தால் தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும். அப்படியும் சித்தி வேண்டாம் என்றால் அடுத்த வருடம் கேட்கட்டும், இந்தப் பள்ளி இப்போது உலகத்தில் பதினெட்டு இடத்தில் இருக்கிறதாம், ஓடிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் இங்கே சாப்பிட வருகிறார்கள். நான் ஒன்றும் சிபாரிசு பேசப் போவதில்லை. சித்தியை மட்டும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கடலை மிட்டாய் இரண்டு கிலோ பார்சல் போட்டாயிற்று. அப்புறம் பாப்பா, போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு வேலை ஜாஸ்தி, பிரெட் என்றாய். நான் கேட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தேன். உன் ஆபீஸ் மெயில் விலாசம் என்னிடம் இல்லை, ஆனால் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

அன்புடன்,
அம்மா