சொல்லடைவு நிரலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு நூலின் பாடத்தைக் கொடுத்தால், அதிலுள்ள சொற்களை அகரவரிசையில் அடுக்கி, எந்தச் சொல் எந்த வரியில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு நிரல் (பைதான் என்ற கணினி மொழியில் எழுதியது) இப்போது ஒழுங்காக ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டேன். அதில் என் பெயர் மட்டும் இருப்பது நியாயமில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஒரு ஸ்ட்ரிங்குக்குள், அதாவது கணினியில் உள்ள எழுத்துத் தொடருக்குள், என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டிய நண்பருக்கு. ‘மொழி’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. நீளத்தை எண்ணும் பைதானின் லென் அதை 4 என்கிறது: ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அமைந்த கோப்பில் அதுவே 12 பைட். மூன்று கணக்கும் சரிதான், எந்த வேலைக்கு எது வேண்டும் என்று பார் என்றார் அவர். சொல்லைத் திருப்பிப் போட்டால் ஒட்ட இடமில்லாத இகரக் குறி முன்னால் வந்து, பின்னால் ‘ழொ’, ‘ம’ என்று நிற்பதற்கும், முதல் மூன்றை மட்டும் வெட்டினால் ‘மொழ’ என்று வருவதற்கும் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. உயிர்மெய்யைக் கட்டுக் குலையாமல் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) எனக்குக் காட்டியவரும் அவர்தான். அதை எழுதி இலவசமாகத் தந்திருக்கும் அத்தனை பேரும் இந்த நன்றிக்கு உரியவர்கள்.

அடுத்து, பட்டியல் முழுவதையும் வரி விடாமல் படித்துப் பார்த்த அக்கா. “ஒரே சொல் ஏன் இரண்டு இடத்தில் வருகிறது?” என்று கேட்டது அவர். பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. சமமா என்று பைதானைக் கேட்டால் ஃபால்ஸ், அதாவது இல்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடு (கணினியில் ஓர் எண்). மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள், அதனால் ‘மொழி’யின் நீளம் 4-க்குப் பதில் 5. எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் பைதான் ஒப்பிடும்போது குறியீடுகளை மட்டும் பார்க்கிறது. பாடம் உள்ளே வந்தவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன், யூனிகோடுடேட்டா மாடியூலைக் கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்று என்று ஒரு தம்பி ஒற்றை வரியில் வழி சொன்னார். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. ஆனால் ஔகாரம் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. ‘ஒளவை’ என்று தப்பாக இருந்த இடங்களையெல்லாம் அக்காவின் கண்தான் பிடித்தது. இந்த வேலைக்குக் கூலி கிடையாது, பெயரும் வெளியே வராது. அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

சொல் பிரிப்பதில் உதவிய இருவருக்கும் நன்றி. பைதானோடு வரும் ரெகெக்ஸ் மாடியூல் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பிரிக்கும் கருவி) உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணாமல், ‘மொழி’யை ‘ம’, ‘ழ’ என்று உடைத்துவிடும். தனியாக நிறுவிக்கொள்ளும் ரெகெக்ஸ் லைப்ரரி அப்படிச் செய்வதில்லை. சரி, அது அதோடு முடிந்தது.

வரிசைப்படுத்துவதுதான் பெரிய வேலை. பைதானின் சார்ட்டட் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்கும். அங்கே னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருப்பதால் ‘மரம்’ என்பதற்கு முன் ‘மனம்’ வந்துவிடும். புள்ளியின் எண் எல்லா மெய்க்கும் பிந்தியது என்பதால் ‘பகல்’ முந்தி, ‘பக்கம்’ பிந்தும். அகராதி புரட்டிப் பழகியவருக்கு இரண்டுமே உறுத்தும். தமிழாசிரியர் ஐயா ஒருவர் மெய் பதினெட்டையும் முறைப்படி எழுதி, புள்ளி வைத்தது முதலில், அகரமேறியது அடுத்து, பிறகு ஆகாரம் என்று வரிசை போட்டுக் கொடுத்தார். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துக்கும் எங்கே இடம் என்பதையும் அவரே முடிவு செய்தார். அந்தத் தாளைத்தான் நான் பைதானின் டிக்ஷனரியாக்கினேன், அதாவது எழுத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும் பட்டியலாக்கினேன்: ஒவ்வொரு எழுத்துக்கும் மெய்க்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண். சார்ட்டடுக்கு அதையே வரிசைப்படுத்தும் சாவியாகக் கொடுத்ததும் ‘பக்கம்’ தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. நிரலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். அதன் அறிவு முழுக்க ஐயாவுடையது.

கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த குறியீட்டை, ஓர இடைவெளிகளை வெட்டும் ஸ்ட்ரிப் நீக்காது என்று எச்சரித்தவருக்கும் நன்றி. அப்புறம், நேரில் அறியாதவர்களும் உண்டு. 1992-இல் யூடிஎஃப்-8 முறையை வகுத்த கென் தாம்சனும் ராப் பைக்கும், 2008-இல் வந்த பைதான் 3-இல் ஸ்ட்ரிங் என்றாலே யூனிகோடு என்று ஆக்கியவர்களும் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் இவ்வளவு எளிதாகச் செய்திருக்க முடியாது.

இன்னும் பிழைகள் இருக்கும். கண்ணில் பட்டால் அந்த வரியை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் உள்ளே இருக்கும் குறியீடு தெரியாது.

நன்றியுடன்,
சொல்லடைவு நிரலைப் பராமரிப்பவர்