பெயருக்கு அல்ல, செய்முறைக்கு ஒப்புதல் கொடுங்கள்

தீவனத்தில் சேரும் புதிய அமினோ அமிலங்கள் குறித்து மத்தியக் கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறைக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கால்நடைத் தீவனக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தீவன ஆலைகளில் ஃபார்முலா போடுகிறவர்களும் ஆய்வகங்களில் மாதிரி சோதிக்கிறவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களில் லைசின், மெத்தியோனின், திரியோனின் மூன்றும் கோழித் தீவனத்தில் பழகிப்போனவை. அடுத்து வேலின், ஐசோலூசின், அர்ஜினின், குவானிடினோ அசிட்டிக் அமிலம் என்று வரிசை நீள்கிறது. இவற்றை எந்த வாசல் வழியாக உள்ளே விடுவது? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்ற வரையறையிலிருந்தே கால்நடைத் தீவனத்தை விலக்கிவிட்டது. ஐ.எஸ். 1374 என்ற இந்தியத் தரநிலை கோழித் தீவனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதில் விழும் புதிய பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களுக்கான 1989 விதிகளோ சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். ஒரே மூட்டைக்கு மூன்று வீடு, எந்த வீட்டிலும் முழு ஜாதகம் இல்லை.

ஒப்புதல் முறை ஒன்றை வகுக்கும்போது எங்கள் அடிப்படைக் கோரிக்கை ஒன்றுதான். ‘எல்-வேலின், 98 சதவீதம், அனுமதிக்கப்பட்டது’ என்று மூலக்கூறின் பெயருக்கு ஒப்புதல் எழுதாதீர்கள். அதை நொதித்தலில் செய்தது எந்த நுண்ணுயிர் ரகம், எந்தச் சுத்திகரிப்பு, எந்த ஆலை என்று கேட்டு, அந்தச் செய்முறைக்குக் கொடுங்கள்.

1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கடும் தசைவலி வந்தது, இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏறின. 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். சரக்கின் தூய்மை 98.5 சதவீதத்துக்கு மேல்தான் இருந்தது. சான்றிதழில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரும்பாலான சரக்கு ஒரே உற்பத்தியாளரிடமிருந்து வந்திருந்தது. அங்கே நொதித்தலுக்கான பாக்டீரியா ரகத்தை மாற்றியிருந்தார்கள், ஏறக்குறைய அதே காலத்தில் வடிகட்டும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து நடந்ததால் எது காரணம் என்று பிரித்துச் சொல்வதே பெரும்பாடாகிவிட்டது. எந்தக் கசடு குற்றவாளி என்பது இன்றுவரை ஐயமற உறுதியாகவில்லை. ‘98.5 சதவீதம்’ என்பது மிச்சம் 1.5-இல் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

அது மனிதர் சாப்பிட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகம் கொண்டு செய்த ரைபோஃப்ளேவினுக்கு, அதாவது வைட்டமின் பி2-க்கு, தீவன அனுமதி மறுத்தது. வைட்டமின் பி2-இல் தவறில்லை. சரக்கில் அந்த மரபணு மாற்றிய பாக்டீரியாவின் உயிருள்ள செல்களும், ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் இருந்தன. அதே வைட்டமினை வேறு ரகத்தால், வேறு முறையில் செய்தால் நிலைமை வேறு. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019-இல் கால்நடைகளுக்குத் தடை செய்த நாடு நாம். எதிர்ப்பு மரபணு மூட்டைக்குள் ஒளிந்து வருவதைப் பார்க்காமல் விட்டால் அந்தத் தடைக்கு என்ன மரியாதை?

ஆகவே கோப்பில் முதலில் கேட்க வேண்டியது ரகத்தின் பெயரும், அதை நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைத்த எண்ணும். பாக்டீரியா கொரைனிபாக்டீரியம் குளுட்டாமிக்கமோ, ஈ.கோலை கே-12-ஓ, ‘நொதித்தல் முறை’ என்ற இரண்டு சொல்லோடு யாரும் நழுவக் கூடாது. சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி., நுண்ணுயிர்ச் சேமிப்புக்கான சர்வதேச புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற சேமிப்பகம், வெளிநாட்டு எண்ணையும் ஏற்கலாம். அடுத்தது முழு மரபணுத் தொகுதி வரிசை. அதற்கடுத்து, விற்பனைக்கு வரும் சரக்கிலேயே குறைந்தது மூன்று பேட்ச், பேட்சுக்கு மூன்று மாதிரி எடுத்து உயிருள்ள செல், டி.என்.ஏ. இரண்டையும் தேட வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டியில் டி.என்.ஏ.வுக்கான கண்டறியும் எல்லை கிராமுக்கு 10 நானோகிராம். இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நொதித்த குழம்பின் உப்பும் நிறமும், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வினையையே முடக்கிவிடும், அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும். தெரிந்த அளவு டி.என்.ஏ.வை அதே மாதிரியில் கலந்து ஓட்டி, அது தெரிகிறது என்று காட்டாத ‘இல்லை’யை ஏற்காதீர்கள். செல் சோதனையும் அப்படியே: சூட்டில் உலர்ந்து தளர்ந்த செல் உடனே வளராது, தேறி எழ ஊடகமும் நேரமும் கொடுத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஒரே அமினோ அமிலம் இரண்டு வடிவில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு லைசினே சாட்சி. ஹைட்ரோகுளோரைடு வெள்ளைப் பொடி, 98.5 சதவீதத் தூய்மையில் லைசின் 78.8 சதவீதம். சல்ஃபேட் பழுப்புக் குருணை, நொதித்த குழம்பின் உலர்ந்த செல்களும் அதிலேயே இருக்கும், லைசின் சுமார் 55 சதவீதம். டன்னுக்கு 2 கிலோ போடும் ஃபார்முலாவில் முதலாவது தருவது 1.58 கிலோ, இரண்டாவது 1.1 கிலோ. ஸ்டோரில் ‘லைசின்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அடுக்கிவிட்டால் டன்னுக்கு அரைக் கிலோ காணாமல் போகும். மிக்ஸர்காரர் மேல் குற்றமில்லை, லேபிள் மேல்தான். லேபிளில் உப்பின் பெயரும், தூய அமினோ அமிலத்தின் சதவீதமும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். குளோரைடையும் எழுதச் சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரைடில் 19.4 சதவீதம் குளோரைடு. டன்னுக்கு 3 கிலோ போட்டால் ஏறக்குறைய 580 கிராம் குளோரைடு சேரும், உப்பைக் குறைத்துச் சோடா உப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

சோதனை முறை இல்லாத பொருளுக்கு அனுமதி தராதீர்கள். புரதம் அளக்கும் கெல்டால் சோதனை நைட்ரஜனை மட்டுமே பார்க்கும், அதையே புரதமாகக் கணக்கிடும். அதன் கணக்கில் லைசின் ஹைட்ரோகுளோரைடு 95.8 சதவீதப் ‘புரதம்’, யூரியாவோ 291 சதவீதம்! சோதனைக்காகப் புரதத்தைப் பிரிக்கையில் மெத்தியோனினை அப்படியே அமிலத்தில் கொதிக்கவைத்தால் ஒரு பகுதி கெட்டுவிடும், முன்கூட்டியே பெர்ஃபார்மிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்ற வேண்டும். டிரிப்டோஃபேன் அமிலத்தில் அழிந்தே போகும், காரத்தில்தான் பிரிக்க வேண்டும். மெத்தியோனினுக்குப் பதில் போடும் அதன் ஹைட்ராக்ஸி ஒப்புப்பொருளில் அமினோ தொகுதியே கிடையாது. அமினோ தொகுதியோடு வினைபுரிந்து நிறம் தரும் நின்ஹைட்ரின் இங்கே நிறம் காட்டாது, அமினோ அமிலப் பகுப்பாய்வுக் கருவி சேர்த்ததைச் ‘சேர்க்கவில்லை’ என்று சொல்லும். விண்ணப்பதாரரே முறையைத் தந்து, தொடர்பில்லாத இரண்டு ஆய்வகங்கள் அதைக் கலந்த தீவனத்திலும் பிரீமிக்ஸிலும் (முன்கலவை) செய்து காட்டட்டும். வெறும் தூளில் மட்டும் வேலை செய்யும் முறை ஆய்வாளருக்குப் பயன்படாது.

‘பழையதற்குச் சமமாக வேலை செய்கிறது’ என்ற கோழிச் சோதனை அறிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அடிப்படைத் தீவனத்தில் அந்த அமினோ அமிலம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், மேலே எதைப் போட்டாலும், சுண்ணாம்பைப் போட்டாலும்கூட, எடை ஒன்றாகத்தான் வரும். சமம் என்று காட்ட வேண்டுமானால் முதலில் பற்றாக்குறை வேண்டும்: தேவையில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் தொடங்கி, நான்கைந்து படிகளாக ஏற்றி, இரண்டு பொருளிலும் எடை ஏறும் சாய்வை ஒப்பிட வேண்டும். ஹைட்ராக்ஸி ஒப்புப்பொருளின் திறன் வழக்கமான டிஎல்-மெத்தியோனினின் திறனில் 65 சதவீதமா, 88 சதவீதமா என்ற நெடுநாள் சண்டையில் பாதி இந்தக் கோளாறிலிருந்து வந்ததுதான். சோதனைத் தீவனமும் நம் ஊர்த் தீவனமாக இருக்கட்டும். மக்காச்சோளத்திலும், எத்தனால் ஆலை உலர்கழிவிலும் லூசின் அதிகம். லூசின் மிகுந்தால் வேலினும் ஐசோலூசினும் விரைவில் சிதைந்து, அவற்றின் தேவை ஏறும். கோதுமைத் தீவனத்தில் பிடித்த அளவை நாமக்கல் ஃபார்முலாவில் அப்படியே ஒட்ட முடியாது.

மாடுகளுக்கு என்று விண்ணப்பம் வந்தால் ஒரே கேள்வி போதும்: முதல் வயிற்றைத் தாண்டுகிறதா? மேற்பூச்சு இல்லாத லைசினில் பெரும்பகுதியை அங்குள்ள நுண்ணுயிர்களே தின்றுவிடும்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளியை எந்த அறிக்கையும் நினைப்பதில்லை. ஈ.கோலையில் செய்த சரக்கின் தூசியில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு இருக்கலாம். தூசி அளவும் எண்டோடாக்சின் அளவும் கோப்பில் வரட்டும்.

தரநிலைக் குழுவுக்கு ஒரு வார்த்தை. ஐ.எஸ். 1374-இன் 2007 பதிப்பு கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான ஸ்டார்டர் தீவனத்துக்கு லைசின் 1.2, மெத்தியோனின் 0.5 சதவீதம் என்று வைத்துவிட்டு, கச்சாப் புரதமும் 22 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. வேலினும் அர்ஜினினும் வருவதே சோயாப் புண்ணாக்கைக் குறைத்துப் புரதத்தை ஒன்றிரண்டு புள்ளி இறக்கத்தான். இந்தக் குறைந்தபட்சப் புரதத் தரையை அப்படியே வைத்துக்கொண்டு புதிய அமினோ அமிலத்துக்கு அனுமதி தருவது, சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு ஆணி அடிப்பது போல. சோயாவைக் குறைக்கும் வழி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று: 2021-இல் சோயா விலை ஏறியபோது 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசே அனுமதித்தது. செரிக்கத்தக்க லைசின், திரியோனின், வேலின், அர்ஜினின் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சம் வைத்து, அதைக் காட்டுகிறவர்களுக்குப் புரதத் தரையைத் தளர்த்துங்கள்.

ஒப்புதல் காலம் ஐரோப்பாவில் உள்ளதுபோல் 10 ஆண்டு இருக்கலாம். ரகமோ சுத்திகரிப்போ மாறினால் அன்றே அது காலாவதி, புதிய மூன்று பேட்ச் சோதனையோடுதான் மறுபடி வர வேண்டும். கோப்பைப் பார்க்க ஆறு மாதம் என்று எல்லை வையுங்கள். கேள்வி கேட்ட நாள் முதல் பதில் வரும் நாள் வரை கடிகாரம் நிற்கட்டும்.

முதல் கோப்பாக எல்-வேலினை எடுத்துக்கொள்ளலாம். மூலக்கூறில் புதிர் இல்லை, செய்முறையை மட்டும் பார்த்துப் பழக ஏற்ற பொருள்.

இப்படிக்கு,
தீவன ஃபார்முலா, பகுப்பாய்வுப் பணியாளர்கள்