ஆடுகளோடு நடந்த சட்டமன்ற உறுப்பினர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க விடுதலை என்றாலே வாஷிங்டன், ஜெஃபர்சனோடு நிறுத்திவிடுகிறோம். இஸ்ரேல் புட்னம் என்பவரையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதி உழவர், 1766-இல் அங்கே சட்டமன்றத்துக்குத் தேர்வானார். மறுமணத்துக்குப் பின் அதே கனெக்டிகட்டில் புரூக்ளின் என்ற சிற்றூரில் விடுதி நடத்தினார். அந்தக் காலத்து விடுதி உணவும் படுக்கையும் தந்த இடம் மட்டுமல்ல. செய்தி வந்து சேர்ந்ததும் ஊர் கூடி அரசியல் பேசியதும் அங்கேதான். 1774-இல் ஆங்கிலேயர் பாஸ்டன் துறைமுகத்தை மூடியபோது, வாடிய மக்களுக்காக நூற்றுக்கு மேற்பட்ட ஆடுகளை ஓட்டிச் சென்றார். அப்போது அவருக்கு 56 வயது! பின்னர் விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டையில் அவர் காட்டிய வீரத்தைவிட எனக்கு இதுதான் பெரிது. இத்தகையோரைப் பற்றியும் தங்கள் நாளிதழ் எழுத வேண்டுகிறேன்.

– தங்கள் வாசகர்