கார் ஜன்னலுக்கு ஓர் இறவாரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன், அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. புது காருக்கு ரெயின் வைசர், அதுதான் ஜன்னல்களுக்கு மேலே வெளிப்பக்கம் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை, மாட்டலாமா வேண்டாமா என்று கேட்டாய். ஷோரூமில் நீட்டிய பட்டியலில் மேட், சீட் கவர் என்று எத்தனையோ இருந்திருக்கும். அதெல்லாம் உன் இஷ்டம். வைசரைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு கார்களில் மாட்டி, இரண்டிலிருந்தும் கழற்றியவள் நான்.

முதல் காரில் மாட்டியது அப்பாவுக்காக. உனக்கு நினைவிருக்கும், கண்ணாடியை முழுக்க ஏற்றினால் அவருக்குக் குமட்டும். கொட்டுகிற மழையிலும் ஒரு விரற்கடையாவது திறந்திருக்க வேண்டும். அந்த விரற்கடை வழியாகத் தண்ணீர் இறங்கி அவர் சட்டைக் கையை நனைத்து, கதவில் இருக்கிற கண்ணாடிப் பொத்தான்மேல் சொட்டும். மடியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு துடைத்தபடியே வருவார். வைசர் வந்ததும் அந்தத் துண்டுக்கு வேலை போயிற்று.

வீட்டுக்கு இறவாரம் எப்படியோ காருக்கு இது அப்படி. கூரையிலிருந்து வழிகிற தண்ணீரைத் திறந்த இடத்தில் விழாமல் சற்றுத் தள்ளி விழ வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இறவாரம் சாரலைத் தடுக்காது, இதுவும் தடுக்காது. வைசரின் கீழ் விளிம்பைத் தாண்டிக் கண்ணாடியை இறக்கினால் நனையத்தான் செய்வாய்.

நீ சொன்ன முக்கியமான காரணம் மழையில் கண்ணாடி பனிபோல் மூடிக்கொள்வது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவே இதில்தான் இருக்கிறது. நாம் விடுகிற மூச்சில் ஈரம் உண்டு. நனைந்த குடையும் கால் மிதியடியும் சேர்ந்து காருக்குள் ஈரத்தை ஏற்றும். வெளியே மழை பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் படிந்து வெள்ளையாகிறது. நம் முதல் காரில் ஏசி கிடையாது. ஜன்னலைச் சற்றுத் திறந்து ஈரக்காற்றை வெளியே விடுவதைத் தவிர வழியில்லை. அந்தக் காருக்கு வைசர் தேவைதான். உன் காரில் ஏசி இருக்கிறதே. அதற்குள் போகிற காற்று குளிர்ந்த குழாய்களில் பட்டு ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். காருக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். காய்ந்த காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பிவிடு. உள்காற்றையே சுற்றவிடுகிற பொத்தானை அணைத்து வெளிக்காற்றை எடு. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். குளிர்கிறது என்றால் சூட்டைக் கூட்டிக்கொள், ஏசியை அணைக்காதே. சில நாள் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடும். வைப்பர் ஓட்டினால் அழிகிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அது ஏசி கண்ணாடியை அதிகமாகக் குளிர்வித்ததால் வருவது, அப்போது குளிரைக் குறைக்க வேண்டும். இதில் எதற்கும் வைசர் வேண்டியதில்லை.

வைசரில் உண்மையாகவே எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. வேகமாகப் போகும்போது பின் ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்தால் காது அடைக்கிற மாதிரி 'துப் துப்' என்று அடிக்குமே, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிற சத்தத்துக்குப் பெரிய அண்ணன் அது. வைசர் காற்றைக் கொஞ்சம் விலக்கிவிடுவதால் அந்த அடி குறையும். ஆனால் முன்னால் ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கினாலும் குறைந்துவிடும்.

இனி தொல்லைகள். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும்போதும் வைசர் சத்தம் போடும். கார் செய்கிறவர்கள் சைடு மிரரையும் முன் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கிற முன் தூணையும் காற்று நழுவிப் போகிற மாதிரி யோசித்து வளைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் ஓர் உதட்டை ஒட்டினால் காற்று அதில் முட்டிச் சீழ்க்கை அடிக்கும். ஊருக்குள் தெரியாது. நெடுஞ்சாலையில் நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனது இதனால்தான். மைலேஜ் குறையுமா என்று கேட்டாய், நீ கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றும் குறையாது.

பார்வை எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்ததில்லை, நான் குள்ளம். நீ உன் அப்பாவின் உயரம். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் பக்கவாட்டில் நீ பார்ப்பது கண்ணாடியின் மேல் பாதி வழியாகத்தான், வைசர் உட்காருவதும் அங்கேதான். பெரும்பாலும் புகைக் கறுப்பில் வருகிறது, வெயில் பட்டுப் பட்டு மங்கியும் போகும். முன்தூண் ஏற்கெனவே மறைக்கிற மூலையில் அது இன்னும் ஒரு துண்டை மறைக்கும். முச்சந்தியில் திரும்பும்போது ஒரு பைக் அந்தத் துண்டுக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும். மாட்டுவதற்கு முன் அதே வைசர் போட்ட கார் ஒன்றில் ஏறி உட்கார்ந்து பார்.

அப்புறம் அழுக்கு. வைசருக்கும் கதவுக்கும் நடுவில் துணி நுழையாது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அங்கே பச்சையாகப் பாசி ஒரு கோடு இழுத்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால் வைசரின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கீறல் விழுகிறது.

இரண்டாவது காரில் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு ஒட்டுகிற வகையை விட்டு, கண்ணாடி ஏறுகிற ரப்பர் பீடிங்குக்குள் செருகுகிற வகையை வாங்கினேன். பார்க்க அழகு, வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அந்தக் காரில் ஒரே அழுத்தில் கண்ணாடி தானாக மேலே ஏறும். நல்ல மழை, காரை நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி மேலே போய் முட்டி, பாதி வரை தானாகவே கீழே வந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி வந்தது. குழந்தையின் விரல் நசுங்காமல் இருக்க, ஏதாவது தடுத்தால் மோட்டார் திரும்பிவிடுகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். செருகிய பிளாஸ்டிக்கால் பீடிங் இறுகியிருந்தது, மோட்டாருக்கு அதுவும் ஒரு விரல்தான். நாலாவது முறை கையால் தாங்கிக்கொண்டு ஏற்றினேன், தோள்வரை நனைந்தாயிற்று. சில கார்களில் நாலைந்து நாளில் படிந்துவிடும் என்கிறார்கள். எனக்குப் படியவில்லை, கழற்றிவிட்டேன். உன் காரிலும் இந்த வசதி இருக்கிறது, அதனால் செருகுகிற வகை வேண்டவே வேண்டாம்.

ஒட்டுகிற வகையை மாட்டுவது சுலபம், எடுப்பதுதான் ஒரு நாள் வேலை. முதல் காரில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்து அறுத்து எடுத்தோம். அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. பசை உருண்டை உருண்டையாக நின்றது. அதைத் தேய்த்தெடுத்த பிறகும், வெயில் படாமல் இருந்த பட்டை மட்டும் புதுப் பெயின்டாகப் பளிச்சென்று தெரிந்தது. காரை விற்கிற வரை அந்தக் கோடு போகவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வைசர் இருந்தால் வெயிலில் ஜன்னலைச் சற்றுத் திறந்து நிறுத்தலாம், உள்ளே சூடாகாது என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். நம்பாதே. 2005-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் 80 சதவீதம் முதல் 30 நிமிடத்திலேயே. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். பாப்பாவை வைத்துக்கொண்டு 'இதோ வந்துவிடுகிறேன்' என்று ஒரு நிமிடம்கூட இறங்கிப் போகாதே. தூக்கிக்கொண்டே போ. திறந்த இடுக்கு கம்பி விட்டுத் திறக்கிறவனுக்கும் வசதி, அதையும் யோசி.

என் எண்ணம் இதுதான்: இப்போது மாட்டாதே. ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார், எத்தனை முறை கண்ணாடியை இறக்கினாய் என்று உனக்கே தெரிந்துவிடும். அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் உன் மாடலுக்கென்றே வார்த்ததை வாங்கு, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்பதை வாங்காதே. மழையில்லாத, வெதுவெதுப்பான நாளாகப் பார்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, வைசரின் பின்பக்கத்து டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டு. பசை முழுக்கப் பிடிக்க மூன்று நாள் ஆகும், அதுவரை காரைக் கழுவாதே.

அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார். "நான் உட்காருகிற பக்கம் மட்டும் ஒன்று மாட்டச் சொல்" என்கிறார். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா