வீடு பார்க்கப் போகும் பாப்பாவுக்கு

மன்னார்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே.

சென்னையில் வாடகைக்கு எடுக்க என்று நீ அனுப்பிய வீட்டுப் படங்களை ரெண்டு பேரும் பார்த்தோம். மேடவாக்கம் வீட்டின் சமையல் மேடை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு எந்த வீட்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் படத்தில் விழவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் வீடு பார்க்கப் போகும்போது கையிலாவது இருக்கும்.

நம்ம பக்கம் வயல் வாங்க வருகிறவன் முதலில் என்ன கேட்பான்? தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, எந்த வடிகாலில் போகிறது என்றுதான். பாய்ச்சல் இருந்து வடிகால் இல்லாத நிலத்தில் ஐப்பசி மழைக்கு நாற்று அழுகிவிடும். வாடகை வீட்டுக்கும் இந்த ரெண்டு கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். டைல்ஸ், பால்கனி, மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம்.

அதிலும் நீ பார்க்கிற மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் ஒரே தண்ணீர்ப் பாதையில் இருக்கிற ஊர்கள். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி இன்றைக்குக் கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பதைத்தான் 2022-இல், உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்ந்ததால் தண்ணீர் தன் பழைய இடத்தை மறந்துவிடாது. அதற்காக அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் ஆபீஸ் சோழிங்கநல்லூரில் இருக்கும்போது அண்ணா நகரில் போய் வீடு எடுக்க முடியாது. ஒரே ஊரில் ஒரு தெரு மேடு, அடுத்த தெரு பள்ளம். நீ பார்க்கிறது எது என்று தெரிந்துகொண்டு எடு.

தெரிந்துகொள்வது சுலபம். ரெண்டு வருஷத்தைச் சொல்லிக் கேள்: 2015, 2023. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு அடையாறு கரை தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. "மழைத்தண்ணி நிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் நிக்காதுங்க" என்றுதான் பதில் வரும். "23 டிசம்பர்ல இந்த வாசல்ல எவ்வளவு தண்ணி?" என்று கேட்டால் ஆள் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இதை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்காதே. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர், மளிகைக் கடைக்காரர், பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன், இவர்களுக்கு உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. முழங்கால், இடுப்பு என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

கண்ணுக்கும் தெரியும். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட், கேட்டின் அடிப்பக்கம் துருவேறி அரித்துப்போனது, இதையெல்லாம் பார். அப்புறம் வாசலில் நின்று சாலையைப் பார். பழைய சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டுப் போட்டு, வீடு கீழேயும் சாலை மேலேயும் ஆகிவிட்ட தெருக்கள் சென்னையில் நிறைய. சாலையிலிருந்து கேட்டுக்குள் இறங்கிப் போகிற மாதிரி இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடு.

"மூணாவது மாடிதானேம்மா, உங்களுக்கு என்ன?" என்று தரகர் சொல்வார். கட்டிலில் தண்ணீர் ஏறாது, வாஸ்தவம்தான். ஆனால் மீட்டர் போர்டு கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் இருக்கும். மோட்டாரும், தரைக்கடியில் தண்ணீர் சேர்த்து வைக்கிற சம்ப்பும் அங்கேதான். தெருவில் தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மேல்தொட்டி ஒரே நாளில் காலி. சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் சாக்கடை கலந்து அதுவும் போச்சு. சுற்றிலும் வெள்ளம், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்கிற நிலைமை மாடிவாசிகளுக்குத்தான் வரும். அதனால் மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது, சம்ப் வாய் தரையை விட உயர்த்திக் கட்டியிருக்கிறதா, ஜெனரேட்டர் இருந்தால் அது மோட்டாரையும் இழுக்குமா, லிஃப்டுக்கு மட்டுமா, இதைப் பார். இதைக் கேட்கிற பெண்ணைத் தரகர் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இனி வருகிற தண்ணீர். சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிற தண்ணீரில் நம்ம காவிரித் தண்ணீரும் உண்டு. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து 2004-இலிருந்து சென்னைக்கு வருகிறது. அதையும் மீறி 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். நீ வீடு பார்க்கிற ஐப்பசி மாதத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் இருக்கும். நீ கேட்க வேண்டியது சித்திரை, வைகாசியைப் பற்றி.

மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் மட்டுமா, லாரியா? லாரி என்றால் கோடையில் மாதத்துக்கு எத்தனை, அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா? வாடகை குறைச்சல் என்று போய், லாரித் தண்ணீருக்கும் குடிக்கக் கேனுக்கும் கொடுத்தே ஓய்ந்துபோன பிள்ளைகள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். போர் தண்ணீர் என்றால் குழாயைத் திறந்து வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார். குழாய் முனையில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டியிருக்கிறதா, பாத்ரூம் தரை மஞ்சள் பாரித்திருக்கிறதா என்று கவனி. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கீசர் சீக்கிரம் போகும், உன் தலைமுடியைப் பற்றி அம்மா தனியாகப் புலம்புவாள்.

கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டுவிடு. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் தொட்டி நிரம்பினால் லாரி வர வேண்டும். அதற்கும் ஒரு பங்கு கேட்பார்கள்.

மற்றதெல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். கடைசி மாடி வேண்டாம், மொட்டை மாடி வெயில் மே மாதம் ராத்திரியிலும் இறங்காது. ஒருமுறை பகலிலும் ஒருமுறை ராத்திரி எட்டு மணிக்கு மேலும் போய்ப் பார். ஆபீஸ் கேப் இறக்கிவிடும் இடத்திலிருந்து வாசல் வரை தெருவிளக்கு எரிகிறதா என்பது ராத்திரியில்தான் தெரியும். கேட்டைப் பத்து மணிக்குப் பூட்டுகிற வீடு என்றால் உன் ஷிப்ட்டுக்கு ஒத்து வராது. ஊருக்கு வருகிற பஸ் எல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தில்தான், மன்னை எக்ஸ்பிரஸ் ரயில் தாம்பரத்தில் நிற்கிறது. அந்த வகையில் மேடவாக்கம் எனக்கும் சம்மதமே.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. பத்திர எழுத்தர் பெண் பேப்பர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தாள் என்று பேர் வரக் கூடாது.

வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துவரி ரசீது, மின் இணைப்பு யார் பேரில் என்று கேட்டு வாங்கிப் பார். கூச்சப்படாதே. அவர்கள் உன் ஆதாரையும் ஆபீஸ் அடையாள அட்டையையும் கேட்கும்போது கூச்சப்படுவதில்லை. வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் தெரிகிற வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பணம் கட்டாமலே பார்க்கலாம், பத்திர விவரம் கிடைத்தால் எனக்கு அனுப்பு, நான் பார்த்துவிடுகிறேன். வங்கியில் அடமானம் இருப்பது தப்பில்லை, பாதி சென்னை அப்படித்தான். ஆனால் கடன் கட்டாமல் விட்ட வீடு என்றால், ஒருநாள் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது உன் அட்வான்ஸுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அப்பா பேரில் வீடு, அப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வாடகைக்கு விடுகிறார் என்றால் மற்றவர்கள் சம்மதம் எங்கே என்று கேள். என் மேசைக்கு வருகிற தகராறில் பாதி இதுதான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு தொல்லை. அவருக்குக் கொடுக்கிற வாடகையில் வருமான வரியைப் பிடித்துக் கட்டுகிற பொறுப்பு உன் தலையில் விழும். கூடுமானவரை அதைத் தவிர்.

இங்கே 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு நோட்டரி முத்திரை குத்திவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், போதாது. பதிகிறேன் என்று சொல்கிற வீட்டுக்காரர் கிடைத்தால், வாடகை ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் அவரையே பிடித்துக்கொள். வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாதம் வாங்கிப் பழகினவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். பேசிப் பார். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியது இருந்தால் பிடித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பிடித்தத்தில்தான் வம்பே. "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்று கடைசி நாளில் சொல்வார்கள். பிடிப்பது என்றால் எவ்வளவு என்று இப்போதே எழுதிக்கொள். குடி போகிற அன்று எல்லா அறையையும், மின் மீட்டர் எண்ணையும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு, தேதியோடு இருக்கும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிற வீடாகப் பார். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கிற வீட்டில், அரசு தருகிற இலவச யூனிட் உன் கணக்குக்கு வராது. எல்லார் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து விலையும் ஏறும். இணைப்பு எண்ணை வாங்கிப் பழைய பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடு.

பணம் எல்லாம் வங்கி வழியாக, வீட்டுக்காரர் பேருக்கே. பார்க்காத வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் என்று ஜிபேயில் போடவே போடாதே. ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாற்றல், வீடு சும்மா கிடக்கிறது, கேட் பாஸுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்று விளம்பரத்தில் வருகிறவன் ராணுவத்தில் இல்லை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், சம்பளத்தில் வருகிற வாடகைப்படிக்கு (HRA) வரிவிலக்குக் கேட்கும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணை ஆபீஸில் கேட்பார்கள். தர மாட்டேன் என்கிறாரா என்று முதலிலேயே தெரிந்துகொள்.

ஒன்று சொல்ல மறந்தேன். வீடு காட்டுகிறபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிலர் கேட்பார்கள். சில பேர் சுற்றி வளைத்து, ஊர் எது, தெரு எது, அசைவம் உண்டா என்று அதற்கே வந்து சேர்வார்கள். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு. எவ்வளவு நல்ல தண்ணீர் வந்தாலும் அந்த வீடு நமக்கு வேண்டாம்.

ஹாஸ்டலை மாசக் கடைசியில் காலி பண்ண வேண்டும் என்கிற அவசரம் எனக்குப் புரிகிறது. வீடு அமையாவிட்டால் தாம்பரம் அத்தை வீட்டில் ஒரு மாதம் இரு, அவள் சந்தோஷப்படுவாள். இந்த வாரம் மழை இருக்கும் என்கிறார்கள். பெய்தால் மறுநாள் காலையில் அந்த மேடவாக்கம் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வா. குறுவை நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து வந்துவிட்டது, அட்வான்ஸில் பாதியை நான் போடுகிறேன். நீ சம்பாதிக்கிறாய் என்று எனக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒப்பந்த வரைவு வந்ததும் ஒவ்வொரு பக்கமாக, ஓரம் வெட்டுப்படாமல் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா கேட்கச் சொன்னாள். அந்தச் சமையல் மேடையில் மிக்ஸிக்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் தனித்தனி பிளக் இருக்கிறதா? ஒன்றுதான் என்றால், இன்னொன்று போட்டுத் தர வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம்.